ஐயனாரடியிலிருந்து கூப்பிடு தூரம்

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

தேவாரங்களுக்கும் வம்சாவழிக்கும் இடையில் அப்பாவைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று அச்சகத்தில் கேட்டார்கள். கனடாவில் இருக்கும் அக்காவிடம் சொன்னேன். "நீதானே கடைசி மட்டும் அப்பாவோடை இருந்தனி, நீயே எழுது" என்றார். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி வான் ஓட்டுகிறவன். நாலு பேர் முன்னால் கதைக்க எனக்கு வராது. எழுதுவதென்றால் ஆட்களின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்பதால் ஒத்துக்கொண்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா சுன்னாகத்துக்கு அருகில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். தகப்பனார் நேரத்தோடு போய்விட்டதால், விடிய எழும்பி வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாராம். கணக்கில் கெட்டிக்காரர். அதனால் நில அளவைத் திணைக்களத்தில் வேலை கிடைத்து, ஊர் வாயில் 'சேவயர்' ஆனார். அந்தச் சம்பளத்தில்தான் தம்பிமாரைப் படிப்பித்தார், தங்கச்சிமாரைக் கரைசேர்த்தார். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

அளவு என்பது அவருக்கு வேலையோடு முடிகிற விசயம் அல்ல. "கடை கிட்டத்தான்" என்று யாராவது சொன்னால், "கிட்ட எண்டால் எவ்வளவு கிட்ட?" என்று கேட்பார். அம்மா சிரிப்பார். "இந்த மனிசனிட்டை உப்புக் கொஞ்சம் எடுத்துத் தாங்கோ எண்டு கேக்கேலாது. கொஞ்சம் எண்டால் எவ்வளவு எண்டு நிப்பார்."

அவருடைய உத்தியோகத்தின் பெரும் பகுதி காட்டில்தான் போனது. வன்னிக்குத் தெற்கே, மாகாண எல்லை ஓடும் பெருங்காடு அது. அந்த நாளில் ஆகாயத்திலிருந்து எடுத்த படங்கள் கொழும்பிலிருந்து வரும். படத்தில் தெரிவது மரங்களின் தலை மட்டுந்தான். கீழே ஓடும் ஆறு எது, பாழடைந்த குளம் எது, ஒற்றையடிப் பாதை எங்கே போகிறது, நிலம் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பதை ஆட்கள் நடந்து போய்த்தான் பார்த்து வரையவேண்டும். கூடாரம் அடித்து, கத்தியால் பற்றை வெட்டி வழி எடுத்து, சங்கிலி பிடித்து அளப்பார்கள். ஆங்காங்கே அளவைக்கல் நட்டு, அந்தக் கல்லிலிருந்துதான் எல்லாவற்றையும் கணக்கிடுவார்கள். அந்தக் காட்டின் படத்தாள்களில் சில அப்பாவின் கையால் வரைந்தவை. அவர் பெயர் அவற்றில் இல்லை. அது வழக்கமும் இல்லை.

அந்தக் கூட்டத்தில் சங்கிலி பிடித்தவர் சின்னத்தம்பியார். சாவகச்சேரிப் பக்கத்தைச் சேர்ந்தவர், அப்பாவைவிடக் கொஞ்சம் வயது குறைந்தவர். நான் அவரைக் கண்டதில்லை. ஆனால் அப்பா சொல்லிச் சொல்லி அவருடைய குரல்கூட எனக்குத் தெரியும் போல இருக்கும்.

காட்டுக்குள் இறங்குமுன் இலைக் குழை ஒன்றை முறித்து ஐயனாருக்குத் தொங்கவிடுவது அங்குள்ள வழக்கம். விளாத்திமடு என்ற பழைய குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாலை மரம் இருந்தது. அதுதான் ஐயனாரடி. கோயிலும் இல்லை, சூலமும் இல்லை. மரமும் அதில் தொங்கும் இலைக்கொத்துகளும் மட்டுந்தான். அப்பா முதலில் குழை போடாமல் நடந்திருக்கிறார். பின்னாலிருந்து சின்னத்தம்பியார் சொன்னாராம்:

"சேவயர் ஐயா, நீங்களும் ஒண்டு முறிச்சுப் போடுங்கோ. உங்கடை உந்த அளக்கிற குழாயைக் கண்டு ஆனை பயப்பிடாது."

பிறகு அப்பாவும் போடத் தொடங்கினார்.

"படத்திலை ஐயனாரைப் போடுவியளோ?" என்று ஒரு நாள் சின்னத்தம்பியார் கேட்டார்.

"கட்டடம் இருந்தால்தான் கோயில் எண்டு போடலாம்."

"கட்டடம் இல்லாட்டில் ஐயனார் இல்லையோ? அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் ஆருக்கு முறிச்சுப் போட்டனாங்கள்?"



சின்னத்தம்பியாரிடம் இன்னொரு பழக்கம். பற்றைக்குள் நிற்கும்போது ஒரு தரம் கூப்பிட்டால் குரல் கொடுக்கமாட்டார். காட்டில் முதல் கூப்பாடு யாருடையது என்று தெரியாதாம். மனிதர் என்றால் திரும்பக் கூப்பிடுவார்களாம். இரண்டாம் தரம் கூப்பிட்டால்தான் "ஓம், வாறன்" என்று சத்தம் வரும். இதற்காக அப்பா அவரோடு பல தரம் சண்டை பிடித்திருக்கிறார்.

ஒரு வருட மாரி மழையில் கூடாரத்தில் மலேரியா பரவியது. எல்லோரும் எழும்பினார்கள், சின்னத்தம்பியார் எழும்பவில்லை. ஆறு பெருகி வழி அடைபட்டுவிட்டது. வண்டிலோ ஜீப்போ வர முடியாது. விறகெல்லாம் நனைந்து கிடந்ததால் எரிக்கவும் வழியில்லை. அங்கேயே அடக்கம் செய்வதென்று முடிவானது. வேலையாட்கள் சொன்னார்கள்:

"ஐயனாரடியிலையிருந்து கூப்பிடு தூரத்திலை, உதயப் பக்கமாய் வைப்பம், சேவயர் ஐயா. ஐயனார் கூப்பிட்டால் இவனுக்குக் கேக்கவேணும்."

அந்த நேரத்திலும் அப்பா கேட்டிருக்கிறார்: "கூப்பிடு தூரம் எண்டால் எவ்வளவு? ஆர் கூப்பிடுறது?"

அவர்கள் விருப்பப்படிதான் வைத்தார்கள். கரடி கிளறாமல் இருக்கக் குளக்கட்டிலிருந்து கல் சுமந்து வந்து மேலே அடுக்கினார்கள். ஆனால் அப்பா அந்த மரத்தை நம்பவில்லை. மரம் விழும், கல் நிற்கும் என்பதுதான் அவருடைய தொழிலின் முதற் பாடம். அளவைக்கல்லிலிருந்து திசை பார்த்து, சங்கிலி பிடித்து அளந்து அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டார். கடைசி வரைக்கும் அதைத் தேவாரம் போல ஒப்புவிப்பார்.

ஒரு மனிதரின் புதைகுழியை அந்தப் படத்தில் போட இடமில்லை. அப்பா படத்தாளை முடித்துக் கொடுக்கும்போது, பாலை மரம் நின்ற இடத்தில் கோயில் அடையாளம் ஒன்றைப் போட்டார். "அங்கே கட்டடம் இருக்கிறதா?" என்று மேலதிகாரி கேட்டாராம். "ஆக்கள் போய் வருகினம், ஐயா" என்று அப்பா சொன்னாராம். அந்த அடையாளம் அப்படியே அச்சில் வந்தது.

சின்னத்தம்பியாரின் மனைவி இராசம்மா மாமி அப்போது கைக்குழந்தைக்காரி. உடல் இல்லாமல், தர்ப்பையால் உருவம் செய்து கிரியை நடந்தது. செய்தி சொல்லப் போன அப்பாவிடம் அவர் ஒன்றுதான் கேட்டார்: "அந்த இடத்தை எனக்கு ஒருக்கால் காட்டுவியளோ?" அப்பா காட்டுவதாகச் சொன்னார்.

சொன்னது சொன்னபடி நடக்கவில்லை. வழி திறந்தபோது குழந்தைக்குக் கடும் காய்ச்சல். அடுத்த வருடம் அப்பாவுக்கு வேறு இடத்துக்கு மாற்றம். பிறகு கலியாணம், அக்கா, நான். பிறகு நாடு குழம்பிவிட்டது. அந்தக் காட்டுக்குள் யாரும் போக முடியாத காலம் வந்தது. நாங்களே வீட்டை விட்டுச் சாவகச்சேரிக்கு ஓடினோம், அங்கிருந்து வன்னிக்கு ஓடினோம், திரும்பி வந்தபோது கூரை இல்லை. அப்பாவின் கருவிகள், படங்கள் எல்லாம் போய்விட்டன. அம்மா தைத்துக் கொடுத்த காசில் சாப்பிட்ட நாட்களும் உண்டு. அந்த இடப்பெயர்வுகளில் மாமியை எங்கே கண்டாலும் அப்பா தலையைக் குனிந்துகொள்வார். மாமி ஒன்றும் கேட்கமாட்டார். கேட்காததுதான் அப்பாவுக்குப் பாரம்.

சண்டை முடிந்து, கண்ணிவெடி எடுத்து, பாதை திறந்த பிறகு ஒரு நாள் அப்பா சொன்னார், "தம்பி, வானை எடு. இராசம்மாவைக் கூட்டிக்கொண்டு போவம்."

விளாத்திமடுக் குளத்தைத் திருத்திக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு புதிய குடியேற்றம் வந்திருந்தது. கிருஷ்ணன் என்ற கமக்காரர் எங்களுக்கு வழி காட்டினார். மலையகத்திலிருந்து வந்து அங்கே காணி எடுத்தவர், நல்ல மனிதர். அளவைக்கல்லைக் கண்டதும் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. நான் அளவு நாடா பிடித்தேன். அவர் திசை காட்டினார். பற்றைக்குள் ஓர் இடத்தில் தடியை ஊன்றி, "இதுதான், தங்கச்சி" என்றார். ஐயனாரடிப் பாலை மரமும் அடுக்கிய கற்களும் கண்ணில் படவில்லை. மரம் விழுந்திருக்கும், கற்களை மண் மூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

மாமி கற்பூரம் கொளுத்திவிட்டு நிலத்தில் இருந்தார். "இவ்வளவு தூரம் வந்து தனியக் கிடக்கிறியள்" என்று மட்டும் சொன்னார். ஒரு பிடி மண்ணை வெள்ளைத் துணியில் முடிந்துகொண்டார்.

திரும்பும்போது, கால்சட்டையில் ஒட்டிய புல்லைப் பிடுங்குவதற்காக நான் அந்த அளவைக்கல்லில் குந்தினேன். கல் ஆடியது. நான் எழும்பிவிட்டேன். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமியைச் சாவகச்சேரியில் இறக்கிவிட்ட பிறகுதான் அப்பா கேட்டார்.

"கல்லு ஆடினதைப் பாத்தனியே?"

"ஓமப்பா."

"எங்கடை கல்லு ஆடாது. அடியிலை சீமெந்து போட்டு நட்டது."

வீட்டுக்கு வந்ததும் கிருஷ்ணனுக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னார். கிருஷ்ணன் ஒளிக்காமல் சொன்னார்:

"அது புதையல் தோண்ட வந்தவனுங்க பேத்துப் போட்டுட்டானுங்க, ஐயா. அரசாங்கக் கல்லாச்சேன்னு நான்தான் எடுத்து நட்டு வச்சேன். கொஞ்சம் மேட்டுப் பக்கமா."

"கொஞ்சம் எண்டால் எவ்வளவு?"

"கொஞ்சந்தான் ஐயா. பழைய குழியும் இப்ப இல்லீங்க. டோசர் வந்து கட்டுக்கு மண்ணு எடுத்துட்டாங்க."

அப்பா தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

மாமி அதற்குள் அந்த மண்ணைக் கீரிமலைக்குக் கொண்டு போய்க் கடலில் கரைத்துவிட்டார். இத்தனை காலத்துக்குப் பிறகு தன் அம்மா இப்போதுதான் நன்றாக நித்திரை கொள்கிறார் என்று அவருடைய மகள் சந்தோசமாகச் சொன்னார்.

எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம். "அவ ஆறியிருக்கிறா. போய்க் குழப்பாதேங்கோ" என்றார் அம்மா. அக்கா கனடாவிலிருந்து, "எல்லாம் ஒரே காட்டு மண்தானே அப்பா" என்றார்.

"அப்பிடியெண்டால் நான் காலம் முழுக்க என்ன வேலை செய்தனான், பிள்ளை?" என்று அப்பா கேட்டார்.

நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மாமி முற்றத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். அப்பா கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னார்.

"தங்கச்சி, நான் காட்டின இடம் பிழை. கல்லை ஆரோ மாத்தி நட்டிருக்கினம். நான் அதைப் பாக்காமல் அளந்துபோட்டன்."

மாமி கையிலிருந்த முருங்கைக் காம்பைச் சுளகில் வைத்தார்.

"அப்ப நான் கீரிமலையிலை ஆருடைய மண்ணைக் கரைச்சனான், சேவயர் ஐயா?"

"வெறும் மண், தங்கச்சி."

"சொல்லாமல் விட்டிருக்கலாமே."

"விட்டிருக்கலாம்."

மாமி சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை. மகள் தந்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தோம். அதன் பிறகு நெடுநாள் மாமி எங்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. வருடப் பிறப்புக்கும் வரவில்லை.

அந்த நாட்களில்தான் அப்பாவின் இருதய வருத்தம் கூடியது. ஆசுபத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது ஒரு நாள் திடீரென்று, "படத்திலை ஐயனார் இருக்கிறார்" என்றார். மயக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. அவரோடு வேலை செய்த ஒருவர் அந்தப் பழைய படத்தாளின் பிரதியை எங்கோ தேடி எடுத்து அனுப்பிவைத்தார். அப்பாவுக்குச் சின்ன எழுத்துகள் கண்ணுக்குத் தெரியாது. நான் பூதக்கண்ணாடி பிடித்து, குளக்கட்டின் வளைவிலிருந்து அந்தச் சின்ன அடையாளம் வரை அளந்து சொல்ல, அவர் கணக்குப் பார்த்தார். கிருஷ்ணனுக்குத் திசை சொல்லி அனுப்பினோம்.

கிருஷ்ணனின் தொலைபேசி வந்தது. "பாலை மரம் விழுந்து உக்கிப் போச்சு ஐயா. ஆனா பக்கத்துல ஒரு வீரை மரம் நிக்குது. அதுல குழை தொங்குது. பச்சையாவே தொங்குது." தேன் எடுக்கப் போகிறவர்கள் போடுகிறார்களாம். எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சிங்கள ஆட்களும் வந்து போடுவார்களாம். கிருஷ்ணனின் ஊர் புதிது என்பதால் அவருக்கு அந்த இடம் முன்பு தெரியாது.

அப்பா அதை என்னைத் திருப்பி ஒருக்கால் சொல்லச் சொன்னார். பிறகு, "மரம் விழுந்தும் இடம் மாறேல்லை" என்றார்.

மாமியிடம் நான் தனியாகப் போனேன். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் வாசல் படலையடியில் நின்றேன். அவரே கேட்டார்.

"இந்த முறை எதாலை அளக்கப் போறாராம்?"

"ஐயனாரடியிலையிருந்து, மாமி... கூப்பிடு தூரமாம்."

"கூப்பிடு தூரமோ? ஆர், உந்தச் சேவயரோ சொன்னவர்?" மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். "சரி, வாறன் எண்டு சொல்லு."

போகக்கூடாது என்று டாக்குத்தர் சொன்னது உண்மை. நாங்கள் கேட்கவில்லை. அதற்காக என்னைக் கோபித்த உறவினர்களுக்கு நான் வேறு சமாதானம் சொல்லப் போவதில்லை. உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் கதிரை வைத்து, ஐயனாரடி வரை அப்பாவைக் கிருஷ்ணன் கொண்டுபோனார். அதற்கு அப்பால் அப்பாவால் நடக்க முடியாது. எல்லோரும் குழை முறித்துத் தொங்கவிட்டோம். அப்பாவின் கைக்கு எட்டவில்லை. நான் கொப்பைப் பதித்துப் பிடித்தேன்.

"தம்பியும் கிருஷ்ணனும் உதயப் பக்கமாய் நடவுங்கோ" என்றார் அப்பா. "தங்கச்சி, நீங்கள் இஞ்சை நிண்டு கூப்பிடுங்கோ."

"என்னெண்டு கூப்பிட?"

"வீட்டிலை கூப்பிட்ட மாதிரித்தான்."

நாங்கள் நடந்தோம். பின்னால் மாமியின் குரல், அடுக்களையிலிருந்து கூப்பிடுவது போல மெல்லமாக வந்தது. "இஞ்சாருங்கோ."

அப்பா சொன்னதும் எனக்குக் கேட்டது: "ஒருக்கால் கூப்பிட்டால் உவன் வரான், தங்கச்சி. திருப்பிக் கூப்பிடுங்கோ. பெலத்து."

"இஞ்சாருங்கோ!"

அந்தக் குரல் காட்டுக்குள் போனது. நாங்கள் அது தேயும் வரை நடந்தோம். தேய்ந்த இடத்தில் ஒன்றும் இல்லை. இன்னும் சற்று அப்பால், கொஞ்சம் மேடான நிலத்தில், கிருஷ்ணனின் கத்தி கல்லில் பட்டது. சருகைத் தள்ளினோம். ஒன்றன்மேல் ஒன்றாக, ஆளின் நீளத்துக்கு, கை அடுக்கிய கற்கள்.

மாமியைக் கூட்டிவந்து காட்டினோம். கல்லைத் தடவிப் பார்த்தார். இந்த முறை மண் எடுக்கவில்லை. "இஞ்சையே இருக்கட்டும்" என்றார். திரும்பி அப்பாவிடம் போய், அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு சொன்னார்: "இருக்கிறார், சேவயர் ஐயா."

அப்பா தலையை ஆட்டினார். எவ்வளவு தூரம் என்று கேட்கவில்லை. அளக்கவும் சொல்லவில்லை.

அதன் பிறகு அப்பா அமைதியாக இருந்தார். சாப்பாடு குறைந்தது, நித்திரை கூடியது. பேரப்பிள்ளைகளோடு காணொளியில் சிரித்துக் கதைத்தார். ஒரு காலையில் தேத்தண்ணீரோடு போய், "அப்பா" என்று கூப்பிட்டேன். பேசாமல் படுத்திருந்தார். திருப்பிக் கூப்பிட்டேன்.

அப்பாவின் கடைசி நாட்களில் பக்கத்தில் நின்று பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், செய்தி கேட்டதும் ஓடி வந்து பந்தல் போட்டுச் சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், வெளிநாடுகளிலிருந்து ஆறுதல் சொன்னவர்களுக்கும், கிரியைகளை முறைப்படி நடத்திவைத்த ஐயருக்கும், இந்த மலரை அச்சிட்டவர்களுக்கும் எங்கள் நன்றி. படத்தாளைத் தேடி அனுப்பிய அப்பாவின் நண்பருக்கும், இழவுக்கு வன்னியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்த கிருஷ்ணனுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். மாற்றி நட்ட அந்தக் கல்லைப் பற்றி, எந்த நில அளவையாளர் அந்தப் பக்கம் வந்தாலும் சொல்லிவிடும்படி அப்பா கிருஷ்ணனிடம் கேட்டிருந்தார். கிருஷ்ணன் மறக்கமாட்டார்.

கடைசியாக இராசம்மா மாமிக்கு. அப்பாவின் உடல் வீட்டிலிருந்து புறப்பட்டபோது, அவர் எங்கள் வேலி வேம்பில் ஒரு குழை முறித்துப் படலையடி மரத்தில் தொங்கவிட்டார். அதைக் கண்டவர்கள் பலர் ஏன் என்று என்னிடம் கேட்டீர்கள். அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பெண்கள் எங்கள் வழக்கப்படி படலையோடு நின்றுவிட்டார்கள். நான் கொள்ளிக்குடத்தோடு புறப்படும்போது மாமி என் கையைப் பிடித்துக் கேட்டார்.

"சுடலை தூரமோ, தம்பி?"

"கிட்டத்தான், மாமி."

எவ்வளவு கிட்ட என்று கேட்க அப்பா இல்லை. மாமி தெருவின் அந்த முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப, கூப்பிட்டால் கேக்கும்" என்றார்.